வெள்ளி இரவு, உப்புவெளி, மெக்சிகன் சாப்பாடு: சைவக்காரி என்ன கேட்டு வாங்கலாம்?

டொக்யாட்_வீதி

வணக்கம் எல்லாருக்கும். வீட்டில் கலியாணப் பேச்சு ஒன்று நடக்கிறது. குறிப்புப் பொருந்திவிட்டது, இரண்டு பக்கமும் பெரியவர்கள் வந்துபோய்விட்டார்கள். அவருக்கு ஊர் மூதூர்ப் பக்கம், வேலை கொழும்பில். நாள் வைப்பதற்கு முதல் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்து ஒருக்காக் கதைக்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றுவிட்டார்.

வருகிற வெள்ளி இரவுச் சாப்பாடு. இடம் திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையோடு இருக்கிற ஒரு மெக்சிகன் சாப்பாட்டுக் கடை. ஊருக்குள் என்றால் தெரிந்தவர்கள் வந்து வந்து சுகம் விசாரிப்பார்கள், இரண்டு வார்த்தை கதைக்க முடியாது என்று அவர் இதைச் சொன்னார்.

நான் மெக்சிகன் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை. வெள்ளியில் சைவம், முட்டையும் தொடுவதில்லை. என்ன கேட்டு வாங்கலாம்? கையால் சாப்பிடுவதா, கரண்டியாலா? உறைப்பு எப்படி? பில் வந்தால் யார் கொடுப்பது? பகிடியாக எடுக்காமல் சொல்லுங்கள். எனக்கு இது முக்கியமான சந்திப்பு.

உவர்மலை

தங்கச்சி, வாழ்த்துகள். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். முதல் சந்திப்பை இரவில், அதுவும் கடற்கரையில் வைக்கத் தேவையா? கோணேசர் கோயிலுக்குப் பின்னேரம் இரண்டு பேரும் போய்க் கும்பிட்டுவிட்டு, கோட்டைக்குள் மான் நிற்கிற பக்கமாக நடந்து கதைக்கலாம். வெளிச்சத்தில் கதைத்தால் வீட்டுக்கும் நிம்மதி. சாப்பாடு பிறகு எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

கன்னியா_ஊற்று

உவர்மலை அண்ணா, உங்கள் அக்கறை விளங்குகிறது. ஆனால் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கோணேசர் மலை ஏறினால் கீழே வாசலில் இருந்து மேலே சந்நிதி வரைக்கும் சொந்தக்காரர் முகம்தான். எனக்கும் அப்படித்தான் நடந்தது. என் கணவரோடு முதல் முதல் கதைக்கப் போய், பெரியம்மாவின் மருமகள் கூடவே வந்து நின்றார். வேலையைப் பற்றிக் கேட்க நினைத்த ஒன்றையும் அன்றைக்குக் கேட்கவில்லை.

டொக்யாட், இரவு என்பது பயமாக இருந்தால் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவாங்கள். ஐந்தரைக்குப் போய் இருந்தால் வெளிச்சம் இருக்கும். ஏழரை, எட்டுக்கு எழும்பி வரலாம். போகவும் வரவும் வீட்டுக்குத் தெரிந்த ஓட்டோ அண்ணனையே பேசி வையுங்கள். அவர் கொண்டுவந்து விடுகிறேன் என்றாலும் முதல் நாள் உங்கள் ஏற்பாட்டிலேயே வாருங்கள். நல்ல மனிதர் என்றால் அதை விளங்கிக்கொள்வார்.

சல்லிக்_கரை

உப்புவெளியில் இப்போது சீசன். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, கடைகள் எல்லாம் திறந்திருக்கும், வெளிநாட்டுக்காரரும் இருப்பார்கள். ஏழு மணிக்குப் பிறகு மேசை கிடைப்பது கஷ்டம், சாப்பாடு வரவும் நேரம் எடுக்கும். அதனால் ஐந்தரை என்பது நல்ல யோசனை. பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்து மேசையில் மட்டும் இருக்க வேண்டாம். உரத்துக் கத்திக் கதைக்க வேண்டி வரும்.

அடுப்படி_அண்ணன்

டோஹாவில் ஒரு ஹோட்டலின் மெக்சிகன் குசினியில் சில வருடம் நின்றவன் நான். சாப்பாட்டுக் கேள்விகளுக்கு நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சைவம். மெக்சிகன் சாப்பாட்டில் சைவத்துக்குக் குறைவே இல்லை. சோளனும் போஞ்சி விதையும் மிளகாயும் பூசணியும்தான் அந்த நாட்டின் அடிப்படைச் சாப்பாடு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறைச்சி ஒளிந்திருக்கும். அந்த இடங்கள் இவை.

மசித்த போஞ்சி விதை, அதாவது ரீஃப்ரைட் பீன்ஸ். மெக்சிகோவில் அதைப் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். டோர்ட்டியா என்பது அவர்களுடைய மெல்லிய ரொட்டி; கோதுமை மா டோர்ட்டியாவிலும் அதே கொழுப்பைப் பிசைவது வழக்கம். நம் ஊரில் பெரும்பாலும் மரக்கறி எண்ணெய்தான் பாவிப்பார்கள், என்றாலும் கேட்க வேண்டும். அடுத்தது சிவப்புச் சோறு. தக்காளி போட்டுச் சமைப்பது, பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் தண்ணீருக்குப் பதிலாகக் கோழி அவித்த சாறு ஊற்றுவார்கள். சூப்பும் அப்படித்தான். மூன்றாவது, மேலே கோடு கோடாக ஊற்றுகிற செம்மஞ்சள் நிறச் சோஸ். அது அநேகமாக மயோனைஸில் மிளகாய் கலந்தது, மயோனைஸ் என்றால் முட்டை. வெள்ளையாக ஊற்றுவது சவர் கிரீம் என்றால் பால்தான், பிரச்சினை இல்லை. கடைசியில் கொண்டுவரும் சுர்ரோ என்ற பொரித்த பலகாரத்தின் மாவிலும் சிலர் முட்டை சேர்ப்பார்கள்.

"சைவமா?" என்று மட்டும் கேட்டால் பரிமாறுகிற பெடியன் "ஓம்" என்றுவிடுவான். "பீன்ஸ் வதக்கியது எந்த எண்ணெயில்? சோற்றுக்கு ஊற்றியது தண்ணீரா, கோழிச் சாறா? சோஸில் முட்டை இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குசினிக்குள் போய்க் கேட்டு வந்து சொல்வார்கள். நான் அடுப்பில் நின்ற காலத்தில் இப்படிக் கேட்கிற ஆட்கள்மேல் எங்களுக்குக் கோபம் வந்ததே இல்லை. கேட்காமல் வாங்கிவிட்டு அப்படியே தட்டைத் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம்.

இனி என்ன வாங்கலாம் என்பது. கேசடியா என்று ஒன்று இருக்கிறது: டோர்ட்டியாவுக்குள் சீஸ், வதக்கிய குடைமிளகாய், காளான், கறுப்புப் போஞ்சி விதை எல்லாம் வைத்து மடித்து, கல்லில் சுட்டு, துண்டாக வெட்டித் தருவது. சிந்தாது, கதைத்துக் கதைத்துச் சாப்பிடலாம். அதோடு குவாக்கமோலே. ஆனைக்கொய்யாவை மசித்து வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி இலை, தேசிக்காய்ப் புளி, உப்புச் சேர்ப்பது. அதைக் கறுக்க விடாமல் அப்போதைக்கு அப்போது மசித்துத் தருகிறார்களா என்று பாருங்கள், அதிலேயே கடையின் தரம் தெரிந்துவிடும். சோளன் கதிரைச் சுட்டு, சீஸும் மிளகாய்த் தூளும் தூவித் தருவார்கள், அதுவும் நல்லது; மயோனைஸ் பூசுவது வழக்கம் என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மரக்கறி ஃபஹீட்டாவும் இருக்கும். வதக்கிய மரக்கறி இரும்புத் தட்டில் புகைய புகைய வரும். டோர்ட்டியாவும் மற்றச் சாமான்களும் தனித்தனியாக வரும், நீங்களே எடுத்துச் சுற்றிச் சாப்பிட வேண்டும். இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிட அதைவிட நல்லது இல்லை. புகை மட்டும் தலைமயிரிலும் சாரியிலும் பிடிக்கும், காற்று வருகிற பக்கமாக இருந்துகொள்ளுங்கள்.

கையா கரண்டியா என்று கேட்டீர்கள். டோர்ட்டியாவை மடித்து உள்ளே சாமான் வைத்துத் தருகிற டாக்கோ, கேசடியா எல்லாம் கைதான். மெக்சிகோவில் டாக்கோவைக் கத்தி முள்ளுக்கரண்டியால் வெட்டிச் சாப்பிடுபவரைப் பார்ப்பது அரிது. மூன்று விரலால் பிடித்து, டாக்கோவைச் சரிக்காமல் உங்கள் தலையைக் கொஞ்சம் சரித்துக் கடிக்க வேண்டும். டாக்கோவைச் சரித்தால் உள்ளே இருப்பது பின்பக்கத்தால் கொட்டும். சோளன் டோர்ட்டியா ஆறினால் வெடிக்கும், வந்தவுடன் சாப்பிடுங்கள். புரிட்டோ வேண்டாம், அது டோர்ட்டியாவுக்குள் எல்லாம் வைத்துச் சுருட்டியது, பெரியது, ஒரு ஆள் தனியாக மல்லுக்கட்டுகிற சாப்பாடு. என்சிலாடா என்ற சுருட்டிய டோர்ட்டியா சோஸில் ஊறி வரும், அதற்குக் கரண்டி வேண்டும்.

கிண்ணியாப்_பாலம்

அண்ணன் சொன்ன கொழுப்பு விஷயம் எங்களுக்கும் பெரிய விஷயம். நாங்கள் குடும்பமாகப் போனால் முதல் கேள்வியே அதுதான், பிறகு இறைச்சி ஹலாலா என்பது, பிறகு இறைச்சி ஊறவைத்ததில் மது ஏதும் சேர்த்தார்களா என்பது. தங்கச்சி, கேட்க வெட்கப்பட வேண்டாம். நீங்கள் கேட்கும்போது அவரும் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். "இதெல்லாம் ஏன் கேட்கிறீர்கள்" என்று முகம் சுளிக்கிறாரா, இல்லை அவரும் சேர்ந்து கேட்டுத் தருகிறாரா. என் மகளின் விஷயத்தில் நான் அதைத்தான் பார்த்தேன்.

கன்னியா_ஊற்று

இதைத்தான் நானும் எழுத வந்தேன். பத்துக் கேள்வி தயார் பண்ணிக்கொண்டு போவதைவிட இது கூடச் சொல்லும்.

சல்லிக்_கரை

உறைப்புப் பற்றி: பயப்பட வேண்டாம். ஹலப்பேனோ மிளகாய், உறைப்பை அளக்கிற ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் காய்க்கிற ஊசி மிளகாய் மாதிரியானவை 50,000க்கு மேல். ஆகவே ஹலப்பேனோ போட்ட எதுவும் திருகோணமலை நாக்கை அசைக்காது. ஹபனேரோ என்று எழுதியிருந்தால் மட்டும் கவனம். அது 100,000 முதல் 350,000 வரை போகும். உறைத்தால் தண்ணீர் குடித்துப் பயன் இல்லை, அந்தக் காரம் தண்ணீரில் கரையாது. சவர் கிரீமோ தயிரோ ஒரு கரண்டி எடுத்தால் அடங்கும்.

உவர்மலை

சரி, நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தால் எனக்கும் மறுப்பு இல்லை. ஒன்று கேட்கிறேன். அந்தத் தூரத்து நாட்டுச் சாப்பாட்டை முதல் நாளே ஏன் சாப்பிட வேண்டும்? பழக்கமில்லாத சாப்பாட்டோடு பழக்கமில்லாத ஆள். பிள்ளைக்கு இரண்டு பதற்றம்.

கடலடி

உவர்மலை ஐயா, நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவள். தூரத்து நாடு என்று நினைக்க வேண்டாம். நம் குசினியில் இருந்து மெக்சிகோப் பக்கத்துச் சாமானை எடுத்துவிட்டால் சமையலே நடக்காது. மிளகாய் அங்கே இருந்து வந்தது. கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்களே, அந்தப் போர்த்துக்கேயர் காலத்தில்தான் மிளகாய் நம் பக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு முதல் மிளகுதான் உறைப்பு. தக்காளி, பப்பாசி, கொய்யா, ஆனைக்கொய்யா, சோளன் எல்லாம் அந்தக் கண்டத்துச் சொத்து.

வந்தது மட்டும் இல்லை, இங்கிருந்தும் அங்கே போயிருக்கிறது. ஸ்பானியர் 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையில் கப்பல் விட்டார்கள். ஆசியாவின் மாம்பழம் அந்தக் கப்பல் வழியாக அங்கே போனது. புளியங்காயும் இன்றைக்கு அங்கே இனிப்பாகவும் குளிர்பானமாகவும் வீதிக்கு வீதி விற்கிறது. மெக்சிகோத் தெருவில் மாங்காயை வெட்டி உப்பும் மிளகாய்த் தூளும் தேசிக்காயும் போட்டுக் கொடுக்கிறார்கள். டச்சு பே கடற்கரையில் நாங்கள் வாங்கித் தின்கிற மாங்காயேதான் அது.

எனக்கு மிகவும் பிடித்தது கறுவாக் கதை. நம் இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்குகிற நாடு மெக்சிகோ. அவர்களுக்குச் சீனப்பக்கத்து முரட்டுப் பட்டை பிடிக்காது, நம் மெல்லிய பட்டைதான் வேண்டும். அரிசியை ஊறவைத்து அரைத்துக் கறுவா போட்டு ஓர்ச்சாட்டா என்று ஒரு பானம் செய்கிறார்கள். பிள்ளை, மது குடிக்காதவர்களுக்கு அது நல்ல தெரிவு. கடையில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவரோடு கதை தொடங்க இடைவெளி விழுந்தால் இதையே சொல்லித் தொடங்கலாம்.

உவர்மலை

கடலடி ரீச்சர், கறுவா விஷயம் எனக்குப் புதிது. நன்றி. பிள்ளை போய் வரட்டும்.

மடத்தடி_இளையவன்

பில் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவர் அழைத்திருக்கிறார், அவர் கொடுப்பது முறை. விடுங்கள்.

கன்னியா_ஊற்று

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கப் போகிற சந்திப்பு. "பாதி நான் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்று வற்புறுத்தினால், "அப்ப அடுத்த தடவை நான்" என்று சொல்லி விடுங்கள், மேசையில் இழுபறி வேண்டாம். கையில் உங்கள் பங்குக்குக் காசு இருக்கட்டும். விலைப்பட்டியலில் இருப்பதோடு முடியாது, 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பது வழக்கம். வற் பதிவுள்ள கடை என்றால் 18 சதவீத வற் வரியும் வரும். விலைப்பட்டியலின் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குத் தெரியாமல் போய்ப் பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

மடத்தடி_இளையவன்

அடுத்த தடவை என்று சொன்னால் அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா?

கன்னியா_ஊற்று

அப்படித் தோன்றினால் பாதியைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி வரலாம். டொக்யாட்டின் மனம் அன்றைக்கு எப்படி என்று அவருக்குத்தானே தெரியும்.

டொக்யாட்_வீதி

எல்லாருக்கும் நன்றி. போய் வந்தேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

ஐந்தரைக்குத்தான் போனோம். அவருக்கு நேரத்தை மாற்றுவோம் என்று தகவல் அனுப்பியதும் காரணம் கேட்காமல் சரி என்றார். நான் போனபோது ஏற்கெனவே வந்து, பாட்டுப் பெட்டிக்குத் தூரமான மேசையில் இருந்தார். விலைப்பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "வெள்ளி என்று பிறகுதான் யோசித்தேன், உங்களுக்குச் சைவம்தானே, நானும் இன்றைக்குச் சைவம்" என்றார்.

அடுப்படி அண்ணன் சொன்ன கேள்விகளை அப்படியே கேட்டேன். போஞ்சி விதை மரக்கறி எண்ணெயில்தான். சோறு கோழிச் சாறு என்றார்கள், வேண்டாம் என்றோம். சோஸில் முட்டை. சமையல்காரரே வெளியே வந்து, சோஸுக்குப் பதிலாகத் தக்காளி சல்சா தருகிறேன் என்றார். கேசடியாவும் குவாக்கமோலேயும் மரக்கறி ஃபஹீட்டாவும் எடுத்தோம். ஆனைக்கொய்யாவை எங்கள் முன்னாலேயே கல் உரலில் மசித்தார்கள். வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் உப்போடு முதலில் இடித்து, பிறகுதான் பழத்தைப் போட்டார்கள். அந்த வாசம் அப்படியே வீட்டுச் சம்பல் வாசம். நான் வீட்டில் பாலும் சீனியும் போட்டுத்தான் அந்தப் பழத்தைச் சாப்பிட்டிருக்கிறேன். உப்பும் புளியும் அதற்கு இவ்வளவு பொருந்தும் என்று நினைக்கவில்லை.

ஃபஹீட்டா வந்ததும் அவர் முதல் டோர்ட்டியாவை எடுத்து, நடுவில் கொஞ்சமாக வைத்து, கீழ்ப்பக்கத்தை மடித்து, பிறகு இரண்டு பக்கமும் சுற்றிக் காட்டினார். கீழே மடிக்காவிட்டால் ஒழுகும். அதைப் பார்த்து நானும் சுற்றினேன். கை நிறையச் சாப்பாடு இருக்கும்போது ஒருவரும் விறைப்பாக இருக்க முடியாது, கதை தானாக வந்தது.

என் வேலை பற்றிக் கதைத்தேன். கலியாணத்துக்குப் பிறகும் நான் திருகோணமலையிலேயே வேலையைத் தொடர வேண்டும் என்றேன். தனக்கு உடனே இடமாற்றம் கிடைக்காது, கொஞ்சக் காலம் வார இறுதியில் வந்துபோகத்தான் முடியும் என்று மறைக்காமல் சொன்னார். அம்மா அப்பாவைப் பற்றியும் கேட்டார், அப்பாவின் சுகவீனம் பற்றி என்னால் சொல்ல முடிந்தது. இன்னும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பில்லை அவர் கொடுத்தார், அடுத்தது நான் என்றேன், சொல்லும்போது எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. அடுத்த தடவை ஊருக்குள் பகலில் சந்திக்கிறோம். வீட்டில் இன்னும் முடிவு சொல்லவில்லை, அவசரப்படுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

ஓர்ச்சாட்டா இல்லை என்றார்கள், கடலடி ரீச்சர். ஆனால் கறுவாக் கதையைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடலடி

நல்லது பிள்ளை. ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள்.

கிண்ணியாப்_பாலம்

இடமாற்றம் கிடைக்காது என்பதை முதல் நாளே சொன்னாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்த சந்திப்பில் பிள்ளை குட்டி வந்தால் யார் எங்கே என்பதையும் கதைத்துவிடுங்கள்.

சல்லிக்_கரை

அடுப்படி அண்ணா, ஒரு கேள்வி. போன வாரம் அதே பக்கத்தில் மீன் டாக்கோ சாப்பிட்டேன். பாரை மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, கோவா சீவிப் போட்டிருந்தார்கள். நல்ல ருசி. ஆனால் டோர்ட்டியா கோதுமையில் இருந்தது. சோளனில் இல்லையா என்றால் மா கிடைக்காது என்றார்கள். சோளன் மா சுப்பர்மார்க்கெட்டில் இருக்கிறதே?

அடுப்படி_அண்ணன்

மீன் டாக்கோ மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாப் பக்கத்துச் சாப்பாடு, என்செனாடா என்ற துறைமுக ஊர் அதற்குப் பேர் போனது. நம் மீனுக்கு அது நன்றாகப் பொருந்தும். கோதுமை டோர்ட்டியாவும் பிழை இல்லை, மெக்சிகோவின் வடக்கில் அதைத்தான் கூடச் சாப்பிடுகிறார்கள்.

சோளன் மா கதை வேறு. கடையில் கோர்ன் ஃப்ளவர் என்று வெள்ளையாக விற்பது வெறும் மாச்சத்து, சூப் தடிக்க வைக்க மட்டும் உதவும். மஞ்சள் சோளன் மாவில் பிசைந்தாலும் ஒட்டாது, தட்டும்போதே உதிரும். டோர்ட்டியாவுக்குச் சோளனை முதலில் சுண்ணாம்பில் அவிக்க வேண்டும். வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்பு, நிறமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பு. அதில் அவித்தால் தோல் கழன்று வரும், மா பசைப்பிடிக்கும், சோளனுக்குள் அடைபட்டிருக்கிற நியாசின் சத்தும் உடம்பில் சேரும். ஐரோப்பாக்காரர் சோளனைக் கொண்டுபோனார்கள், இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. சோளனை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற நோய் வந்து தோல் வெடித்து, புத்தி தடுமாறி, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மெக்சிகோவின் கிராமத்து அம்மாமார் பல ஆயிரம் வருடமாகச் செய்துவந்த வேலையின் பெறுமதி அது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும்.

சல்லிக்_கரை

வீட்டில் செய்யலாமா? ஹபரணைப் பக்கம் வீதியில் விற்கிற சோளன் சரிவருமா?

அடுப்படி_அண்ணன்

அவித்து விற்கிற இளம் சோளன் சரிவராது. முற்றிக் காய்ந்த மணி வேண்டும். கோழித் தீனுக்கு விற்பதை வாங்க வேண்டாம், மருந்து அடித்திருக்கலாம். சாப்பாட்டுக்கென்று விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கிலோ மணிக்குச் சுண்ணாம்பு பத்துக் கிராம், தண்ணீர் மூன்று லீற்றர். அலுமினியச் சட்டி வேண்டாம், சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வர் எடுங்கள். சின்ன நெருப்பில் முக்கால் மணித்தியாலம் கொதிக்கட்டும். மணியை நகத்தால் சுரண்டினால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், உள்ளே இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும். மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தோல் போகத் தேய்த்துக் கழுவி, தோசைக்கு அரைக்கிற கிரைண்டரில் தண்ணீர் மிகக் குறைவாகத் தெளித்து அரையுங்கள். மா கையில் ஒட்டாமல் உருள வேண்டும். உருண்டை பிடித்து, இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டையான தட்டால் அமத்தி, நன்றாகக் காய்ந்த ரொட்டிக் கல்லில் எண்ணெய் இல்லாமல் போடுங்கள். அரை நிமிடத்தில் திருப்பி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி திருப்பினால் பொங்கும். சுட்டதை ஒரு துணிக்குள் அடுக்கி மூடி வைத்தால் சாப்பிடும்வரை மெதுமையாக இருக்கும்.